சோலாரும் காற்றாடியும் ஒரே பூஸ்ட் கன்வர்ட்டரில்: மதியம் காற்றாடி கரண்டே தருவதில்லை, ஏன்?

பள்ளத்தூர்க்காரன்:
வணக்கம். எங்கள் பழைய வீட்டில் சோலாரையும் சின்னக் காற்றாடியையும் சேர்த்து 48 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றப் பார்க்கிறேன். முன்பக்கம் முழுக்க நாட்டு ஓடு, அதனால் இரண்டும் பின்கட்டு மொட்டை மாடியில் இருக்கின்றன. பேனல் 30 வோல்ட் தருகிறது, காற்றாடி ரெக்டிஃபையருக்குப் (ஏசி-யை டிசி ஆக்கும் பகுதி) பிறகு 12 முதல் 20 வரை. ஆளுக்கொரு டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) போட்டு, வோல்டேஜை உயர்த்தும் ஒரே பூஸ்ட் கன்வர்ட்டருக்கு, அதாவது ஒரே இண்டக்டர் (கம்பிச் சுருள்), ஒரே மாஸ்ஃபெட்டுக்குக் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) கொடுத்திருக்கிறேன். பொழுது சாய்ந்தால் காற்றாடி நன்றாக சார்ஜ் ஏற்றுகிறது. ஆனால் ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும் மதியத்தில் ஒரு ஆம்பியர்கூட வரவில்லை, இறக்கை மட்டும் விர்ரென்று சுற்றுகிறது. டயோடை மாற்றியும் அப்படியேதான். என்ன கோளாறு?

தேவகோட்டை மின்பணி:
தம்பி, டயோடு சரியாகத்தான் வேலை செய்கிறது. எந்தப் பக்கம் வோல்டேஜ் அதிகமோ அதைத்தான் உள்ளே விடும், வெயில் நேரத்தில் பேனலின் 30 வோல்ட் காற்றாடியை அடைத்துவிடுகிறது. மதியம் காற்றாடி டயோடின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். உள்ளே வரும் இடத்தில் இரண்டையும் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இண்டக்டர், தனி மாஸ்ஃபெட், தனி வெளியீட்டு டயோடு போட்டு 48 வோல்ட் பக்கத்தில் சேருங்கள். 30-ஐ 48 ஆக்க டூட்டி (ஒவ்வொரு சுற்றிலும் சுவிட்ச் ஆனாக இருக்கும் பங்கு) சுமார் 0.38 போதும், 15-ஐ ஏற்ற 0.69 வேண்டும், ஒரே சுவிட்ச் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? இரண்டு சுவிட்சுக்கும் ஒரே அதிர்வெண் கொடுத்து 180 டிகிரி தள்ளி, அதாவது ஒன்றுக்கு அரைச் சுற்று பின்னால் மற்றதை ஓட்டினால் வெளியீட்டுக் கெப்பாசிட்டர் சூடும் குறையும்.

சிக்ரி பக்கத்து வீட்டுக்காரர்:
அண்ணன் சொன்னதுதான் சரி. வீணாவது எங்கே என்றும் பாருங்கள். காற்றாடி ரெக்டிஃபையரின் டயோடு பிரிட்ஜில் எந்நேரமும் இரண்டு டயோடு வழியாகக் கரண்ட் போகிறது, சாதா சிலிக்கான் என்றால் சுமார் 1.4 வோல்ட் அங்கேயே போய்விடும், 15 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. முதலில் அங்கே ஷாட்கி டயோடு (வோல்டேஜ் இழப்பு குறைவானது) போடுங்கள். எம்பிபிடி-யும் (அதிகபட்ச சக்தி கிடைக்கும் புள்ளியைத் தேடிப் பிடிக்கும் கட்டுப்பாடு) தனித்தனியாக வேண்டும். மேகம் மறைத்தால் பேனல் நொடியில் மாறிவிடும், காற்றாடிக்கு இறக்கையின் கனம் இருக்கிறது, மெதுவாகத்தான் வேகம் மாறும். இரண்டுக்கும் ஒரே அவசரத்தில் அட்ஜஸ்ட் செய்தால் அலைபாயும்.

பள்ளத்தூர்க்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே. அப்புறம் ஒன்று, பேட்டரி நிறைந்தால் இரண்டு சுவிட்சையும் நிறுத்திவிட்டால் போதும்தானே?

தேவகோட்டை மின்பணி:
பேனலுக்குப் போதும். 30 வோல்ட் தானாக 48-க்கு ஏறாது. காற்றாடிக்குப் போதவே போதாது! சுமை இல்லாவிட்டால் வேகம் கூடி வோல்டேஜ் பேட்டரியைத் தாண்டும், தாண்டினால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் இண்டக்டர், டயோடு வழியாக நேராக பேட்டரிக்குள் இறங்கும். பூஸ்ட் கன்வர்ட்டரால் அதைத் தடுக்க முடியாது. ரெக்டிஃபையரை ஒட்டி, கன்வர்ட்டருக்கு முன்னால், காற்றாடியின் முழு சக்தியையும் தாங்கும் ரெசிஸ்டரை ஒரு தனி மாஸ்ஃபெட்டில் வையுங்கள். பேட்டரி நிறைந்ததும் சக்தி அதில் சூடாகப் போகட்டும். அதை மாடியிலேயே, மரம் எதுவும் இல்லாத இடத்தில் பொருத்துங்கள், பழைய வீட்டில் உத்தரமெல்லாம் தேக்கு.