பைலட் பயிற்சிக்கு எந்த கூலிங் கிளாஸ்?

கேள்வி: செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் பயிற்சி. மாலையில் மேற்கு நோக்கித் திரும்பினால் கண் கூசுகிறது. கடைக்காரர் போலரைஸ்டு (பரப்புகளில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் கூச்சத்தைக் குறைக்கும்) கண்ணாடிதான் சிறந்தது என்கிறார், வாங்கலாமா?

பதில் 1: வேண்டாம் நண்பரே. சாலையில் வண்டி ஓட்ட அது அருமை, ஆனால் காக்பிட்டில் எல்சிடி திரை மங்கிவிடும், தலையைச் சாய்த்தால் சில திரைகள் கறுப்பாகவே தெரியும், விண்ட்ஷீல்டிலும் வரிவரியாக நிறம் ஓடும். அதைவிட முக்கியம், எதிரே வரும் விமானத்தின் இறக்கையில் பளிச்சிடும் ஒளியையும் அது மறைத்துவிடும், நாம் அதைப் பார்த்துத்தானே விலகுகிறோம்! அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ-வும் போலரைஸ்டு கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை.

பதில் 2: சாம்பல் நிறம் எடுங்கள், நிறங்கள் மாறாமல் தெரியும். சுமார் 15% ஒளியை உள்ளே விடும் லென்ஸ் போதும், அதைவிடக் கறுப்பான லென்ஸ் வேண்டாம். அப்புறம் காது மேல் வரும் கம்பி மெல்லிசாக இருக்கணும். தடியாக இருந்தால் ஹெட்செட் குஷன் சரியாக ஒட்டாது, இன்ஜின் சத்தம் உள்ளே வரும், கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டில் வலி பிடுங்கும்.

கேள்வி கேட்டவர்: வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ்?

பதில் 1: அது கறுக்கப் புற ஊதாக் கதிர் வேண்டும், விண்ட்ஷீல்டு அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். உள்ளே சரியாகக் கறுக்காது, காசு வீண்.