'ஆங்ரி ஆன் மீ' ஏன் தவறு? அட்ஜெக்டிவுக்குப் பின் எந்த ப்ரெபொசிஷன்?

கரூர்ப்பையன்:
வணக்கம். வங்கி கிளார்க் தேர்வுக்குப் படிக்கிறேன். பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் ப்ரெபொசிஷன் வந்தாலே தடுமாற்றம்தான். மாதிரித் தேர்வின் விடைக்குறிப்பு இந்த நான்கையும் தவறு என்கிறது. எனக்கென்னவோ நான்குமே சரியாகத்தான் படுகின்றன.

ஹி இஸ் ஆங்ரி ஆன் மீ.
ஷி இஸ் மேரீட் வித் எ டாக்டர்.
ஹி இஸ் சீனியர் தேன் மீ.
மை பிளான் இஸ் டிஃபரென்ட் டு யுவர்ஸ்.

இதற்கு விதி உண்டா, இல்லை மொத்தமும் மனப்பாடமா?

பழைய வாத்தியார்:
முதல் மூன்றும் தவறுதான் தம்பி. அடியில் தமிழ் ஓடுவதால்தான் சரியாகப் படுகிறது. 'என் மேல் கோபம்' என்று நினைப்பதால் ஆன் வருகிறது. 'டாக்டரோடு கல்யாணம்', உடனே வித். 'என்னைவிட சீனியர்', உடனே தேன். நம் வேற்றுமை உருபு அங்கே செல்லாது.

ஆங்ரி என்றால் ஆளுக்கு வித், விஷயத்துக்கு அபௌட். அட் இரண்டுக்கும் வரும். மேரீட் என்றால் டு. சீனியருக்கும் டுதான். சீனியர், ஜூனியர், சுபீரியர், இன்ஃபீரியர், பிரையர் ஐந்தும் லத்தீன் வழி வந்தவை. கடைசியில் இருக்கும் அந்த 'இயர்' லத்தீனில் ஒப்பீட்டு விகுதி. ஐந்தையும் ஒரே கட்டாக வைத்துக்கொள், தேன் பக்கம் போகவே வேண்டாம்.

மொட்டைமாடி:
நான்காவதில் விடைக்குறிப்பை நான் ஏற்க மாட்டேன். பிரிட்டனில் டிஃபரென்ட் டு சாதாரணமாகப் புழங்குகிறது, அமெரிக்காவில் டிஃபரென்ட் தேன். ஆனால் மதிப்பெண் போடுவது நான் இல்லையே! ஃப்ரம் எங்கேயும் செல்லும், தேர்வில் அதையே போடுங்கள்.

கரூர்ப்பையன்:
நன்றி ஐயா, நன்றி நண்பரே. ஃபெமிலியருக்கு ஓரிடத்தில் வித், இன்னோரிடத்தில் டு பார்த்தேன். எது சரி?

பழைய வாத்தியார்:
இரண்டும் சரி. எழுவாயைப் பார். 'ஐ ஆம் ஃபெமிலியர் வித் திஸ் ரோடு': தெரிந்து வைத்திருக்கும் ஆள் முன்னால் நிற்கிறார். 'திஸ் ரோடு இஸ் ஃபெமிலியர் டு மீ': தெரிந்த பொருள் முன்னால் நிற்கிறது.

குட் இன்னும் வேடிக்கை. கணக்கில் கெட்டிக்காரன் குட் அட் மேத்ஸ், குழந்தைகளிடம் பக்குவமாக நடந்துகொள்பவர் குட் வித் சில்ரன், நடப்பது உடம்புக்கு நல்லது என்றால் குட் ஃபார். அதனால் வெறும் ஜோடிப் பட்டியல் படிக்காதே. முழு வாக்கியமாக நோட்டில் எழுது.

மொட்டைமாடி:
ஒன்று விட்டுப்போயிற்று. ப்ரெபொசிஷனுக்கு அப்புறம் வினை வந்தால் இங் வேண்டும்: இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங், கேபபிள் ஆஃப் டூயிங், அக்கஸ்டம்ட் டு வொர்க்கிங்.

கரூர்ப்பையன்:
அப்படியென்றால் 'ஏபிள் டு வொர்க்' மட்டும் எப்படி? அதிலும் டு இருக்கிறதே.

மொட்டைமாடி:
அந்த டு ப்ரெபொசிஷன் இல்லை, வினையைச் சேர்ந்தது. சந்தேகம் வந்தால் டுவுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல் போட்டுப் பாருங்கள். 'அக்கஸ்டம்ட் டு தி ஹீட்' நிற்கும், ஆகவே இங். 'ஏபிள் டு தி ஹீட்' நிற்காது, ஆகவே வெறும் வினை.