கடிதத்தில் 75,000, வங்கியில் 63,277. என்னை ஏமாற்றுகிறார்களா?

உப்புவெளிக்காரி:
தெரிந்தவர்கள் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கள். மார்ச் முதலாம் திகதி திருகோணமலை டவுனில் ஒரு கம்பனிக் காரியாலயத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நியமனக் கடிதத்தில் மாதச் சம்பளம் 75,000 என்று இருந்தது. வீட்டில் அப்படித்தான் சொன்னேன், அந்தக் கணக்கை நம்பித்தான் சீட்டுக்கும் சேர்ந்தேன். மே மாதச் சம்பளமாக வங்கிக்கு வந்தது 63,277.

சம்பளச் சிட்டையில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். அடிப்படை 42,000, வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 13,000, போக்குவரத்து 8,000, வரவு அலவன்ஸ் (ஒழுங்காக வேலைக்கு வருவதற்கு) 12,000. இது நான்கும் சேர்ந்தால்தான் அந்த 75,000. மே நடுப்பகுதியில் காய்ச்சலில் ஒரு நாள் போகவில்லை. அதற்கு நோ பே (சம்பளமில்லா நாள்) 1,400, அந்த ஒரு நாளுக்காக வரவு அலவன்ஸ் 12,000உம் முழுதாகப் போய்விட்டது. ஓ.ரீ. (மேலதிக நேர வேலை) 20 மணித்தியாலத்துக்கு 5,250 சேர்ந்திருக்கிறது. அப்புறம் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) 3,248, நலன்புரிச் சங்கம் 300, முத்திரை 25. இதில் எது நியாயம், எது அநியாயம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மூதூர் மைந்தன்:
தங்கச்சி, முதலில் அந்த ஈ.பி.எப்.பை நிறுத்தச் சொல்லுங்கள். நான் கடையில் சேரும்போதே முதலாளியிடம் வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு 45,000 என்றால் 45,000தான், முழுதாகக் கைக்கு வரும். ஆம்பிளைக்கு 55, பொம்பிளைக்கு 50 வயது வரைக்கும் யாரோ வைத்திருக்கிற காசை நம்பி இன்றைக்குப் பிள்ளைக்குப் பால்மா வாங்க முடியாது.

சீனக்குடாக் கணக்கு:
பதினொரு வருடமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறவன் என்பதால் சொல்கிறேன், சிட்டையில் கூட்டல் கழித்தல் பிழை இல்லை. 75,000இல் 12,000உம் 1,400உம் போக, ஓ.ரீ. 5,250 சேர்த்தால் மொத்தச் சம்பளம் 66,850. அதிலிருந்து 3,248, 300, 25, ஆக 3,573 கழிந்தால் தேறியது 63,277. தங்கச்சி, உங்களிடம் வெட்டியது 3,573 மட்டும்தான். மிச்சமெல்லாம் மொத்தத்துக்குள்ளேயே வராத காசு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதால்தான் 12,000 ரூபாய் களவு போனது போலத் தெரிகிறது.

ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது. ஓ.ரீ.க்கு அடிப்படையை 240ஆல் வகுத்தால் ஒரு மணித்தியாலம் 175 ரூபாய், ஒன்றரை மடங்கு 262.50, இருபது மணித்தியாலத்துக்கு 5,250. கடை, காரியாலயச் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு இந்த 240. சம்பளச் சபைக்குள் (தொழில்வாரியாகச் சம்பளம் தீர்மானிக்கிற சபை) வரும் தொழில் என்றால் 200ஆல் வகுப்போம், மணித்தியாலக் காசு அங்கே கூடும். ஈ.பி.எப். 8 வீதம் உங்களுக்கு 40,600இன் மேல் போட்டிருக்கிறார்கள், அதாவது அடிப்படையில் நோ பே போக மிச்சம். ஓ.ரீ.க்கு ஈ.பி.எப். கிடையாது. வருமான வரிதான் எல்லாம் சேர்ந்த மொத்தத்தின் மேல் வரும், 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரைக்கும் அது இல்லை, ஆகவே உங்களைத் தொடாது. வரவு அலவன்ஸ் ஒரு நாளும் தவறாமல் வருகிறவர்களுக்குக் கொடுப்பது. கடிதத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள், எழுதியிருப்பார்கள்.

கிண்ணியா நானா:
கணக்குத் தம்பி கூட்டினது சரி. ஆனால் எதைக் கூட்டுவது, எதை விடுவது என்ற இடத்தில்தான் பிள்ளையின் காசு போகிறது, அங்கே கம்பனி செய்ததை அப்படியே சரி என்று விட்டுவிட்டீர்கள்.

முதலாவது, அந்த நோ பே. கடை, காரியாலயச் சட்டத்தில் முதல் வருடத்திலேயே ஒவ்வொரு இரண்டு மாதச் சேவைக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் லீவு உண்டு. மார்ச் 1இல் சேர்ந்த பிள்ளைக்கு ஏப்ரல் முடியும்போதே ஒரு நாள் சேர்ந்துவிட்டது. மே நடுவில் எடுத்த லீவுக்கு 1,400 எப்படி வெட்டுவார்கள்? இன்னும் நிரந்தரமாக்கவில்லை என்று கம்பனி சொன்னாலும் அது காரணமே இல்லை. லீவு உரிமையானது என்றால் வரவு அலவன்ஸை முழுதாக எடுத்ததையும் திரும்பக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, இதுதான் பெரியது. 1958ஆம் ஆண்டின் ஈ.பி.எப். சட்டம் 'உழைப்பு' என்று சொல்வதற்குள் அடிப்படை மட்டும் இல்லை, வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவும் இருக்கிறது, சாப்பாட்டுக் கொடுப்பனவும் இருக்கிறது. இந்தப் பிள்ளையின் சிட்டையில் அந்தப் பெயரிலேயே 13,000 இருக்கிறது. அதை வெளியே விட்டால் கம்பனி தன் பங்காகப் போட வேண்டிய ஈ.பி.எப். 12 வீதமும் ஈ.ரீ.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் கம்பனிக்கு மிச்சம், மாதம் 1,950 ரூபாய். வருடத்துக்கு 23,400. ஒரு ஆளுக்கு இவ்வளவு. அந்தக் காரியாலயத்தில் எத்தனை பேர்?

சீனக்குடாக் கணக்கு:
நானா, லீவு விஷயம் ஒத்துக்கொள்கிறேன், சேர்ந்த திகதியை நான் கவனிக்கவில்லை. அந்த 1,400ஐத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வரவு அலவன்ஸ் அதனோடு சேர்ந்து வராது, அது கம்பனி தன் விருப்பத்தில் கொடுப்பது, நிபந்தனையும் அவர்களுடையது.

13,000 பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். அதைச் சேர்த்தால் தங்கச்சியின் கையில் இருந்தும் மாதம் இன்னொரு 1,040 போகும். நான் கணக்குப் பார்க்கிற இடங்களில் ஊழியர்களே வந்து அடிப்படையைக் கூட்ட வேண்டாம், அலவன்ஸாகப் போடுங்கள் என்று கேட்கிறார்கள். சீசன் முடிந்து ஒக்டோபரில் வியாபாரம் படுத்துவிட்டால் சின்ன முதலாளிமாருக்கு இந்தப் 15 வீதம் சும்மா காசு இல்லை.

கிண்ணியா நானா:
ஊழியர் கேட்டார் என்பதற்காகச் சட்டம் மாறாது தம்பி. முதலாளியும் ஊழியரும் கைகுலுக்கி ஈ.பி.எப். வேண்டாம் என்று முடிவெடுக்க ஏலாது. முதலாளியின் 12ஐ ஊழியரின் சம்பளத்தில் இருந்து எடுக்கவும் ஏலாது. அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் வரும், அது உங்களுக்கே தெரியும்.

இது ஈ.பி.எப்.போடு நிற்கிற விஷயமும் இல்லை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடை, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், கடைசியாக எடுத்த சம்பளத்தை வைத்து. அந்தச் சட்டத்திலும் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு உள்ளே வரும். இதே சம்பளத்தில் பத்து வருடம் என்று வையுங்கள். 42,000ஐ வைத்துப் போட்டால் 210,000, 55,000ஐ வைத்துப் போட்டால் 275,000. பத்து வருடம் கழித்து 65,000 ரூபாய்க்கு யாருடன் போய்ச் சண்டை பிடிப்பது? இன்றைக்கே சிட்டையில் அந்த வரி சரியாக இருக்க வேண்டும்.

மூதூர்த் தம்பிக்கும் ஒரு கணக்கு. 45,000இல் 8 வீதம் 3,600. அதைக் கையில் வாங்குவதற்காக முதலாளி போட வேண்டிய 5,400ஐயும் ஈ.ரீ.எப். 1,350ஐயும் விட்டுக்கொடுக்கிறீர்கள். மாதம் 6,750, வருடம் 81,000. முதலாளி ஏன் உடனே சரி என்றார் என்று யோசித்துப் பாருங்கள்.

மூதூர் மைந்தன்:
யோசிக்காமல் இல்லை நானா. 2022இல் ஈ.பி.எப். கொடுத்த வட்டி 9 வீதம். அதே வருடம் செப்டெம்பரில் விலைவாசி ஒரு வருடத்துக்குள் 69.8 வீதம் ஏறியிருந்தது. போட்டு வைத்தவன் காசு கண் முன்னால் கரைந்தது. எங்கள் தெருவில் ஒரு அண்ணர் இருபது வருடம் கட்டினவர், அந்த வருடம் அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் இந்த முடிவுக்கு வந்தேன். கையில் வந்த காசில் நான் அரிசியாவது மூட்டையாக வாங்கி வைத்தேன்.

நிலாவெளிக் காற்று:
மைந்தன் சொல்கிற 2022 உண்மை, எல்லோரும் பட்டோம். அடுத்த வருடம் 13 வீதம் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைவிட, நீங்கள் 8 ரூபாய் போடும் அன்றைக்கே முதலாளியின் 12உம் சேர்ந்து அது 20 ஆகிறது. இந்த 12ஐ எந்த வங்கி தரும்?

எங்கள் அப்பா ஒரு மில்லில் வேலை செய்தவர். 1990இல் இடம்பெயர்ந்தபோது அம்மா எடுத்துக்கொண்டு ஓடியது நகையும் ஒரு பால்மா ரின்னும். அந்த ரின்னுக்குள் அப்பாவின் சம்பளத் துண்டுகள், மெல்லிசான கடதாசி, ரப்பர் பேண்ட் போட்டு, ஓரமெல்லாம் மஞ்சள். மில் பிறகு திறக்கவே இல்லை. அப்பாவுக்கு 55 ஆனபோது ஈ.பி.எப். காரியாலயத்தில் பெயரில் ஒரு எழுத்து பிழை, அங்கத்துவ இலக்கமும் தெரியாது. அந்தத் துண்டு ஒன்றின் மூலையில் இலக்கம் இருந்தது, மை பாதி அழிந்து, வெயிலில் பிடித்துத்தான் வாசித்தோம். அந்தக் காசில்தான் இப்போது நான் இருக்கிற வீட்டுக்கு ஓடு போட்டது. தங்கச்சி, சிட்டையை எறிந்துவிடாதீர்கள், மாதா மாதம் போனில் படமாவது எடுத்து வையுங்கள்.

சீனக்குடாக் கணக்கு:
வரியைப் பற்றி உள்பெட்டியில் ஒருவர் கேட்டார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொத்தம் 190,000 எடுக்கிறவருக்கு 150,000 போக மிச்சம் 40,000, அதற்கு 6 வீதம், 2,400. 2025 மார்ச் வரைக்கும் இதே ஆளுக்கு 8,700 வெட்டினோம். ஈ.பி.எப். 8 வீதத்தைக் கழித்துவிட்டு வரி போடுங்கள் என்று கேட்கிறார்கள், அப்படி ஏலாது.

நானா, 13,000 விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான், அதை மறுக்கவில்லை. நான் சொல்வது, நியமனக் கடிதத்தில் 55,000 அடிப்படை என்று முதல் நாளே எழுதுகிற கம்பனிக்கு வேலைக்கு ஆள் வருவதில்லை, 75,000 என்று மொத்தமாக எழுதுகிற இடத்துக்கு ஓடுகிறார்கள். பிழை ஒரு பக்கம் மட்டும் இல்லை.

உப்புவெளிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குச் சிட்டையையும் கடிதத்தையும் கொண்டுபோய் எங்கள் கணக்காளர் அக்காவிடம் காட்டினேன். லீவுக் கணக்கைச் சொன்னதும் ரெஜிஸ்டரைத் திறந்து சேர்ந்த திகதியைப் பார்த்தார், 1,400ஐ ஜூன் சம்பளத்தில் திருப்பிப் போடுவதாகச் சொன்னார். வரவு அலவன்ஸுக்குக் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, அதனால் அதையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். 13,000 பற்றிக் கொழும்பில்தான் கேட்க வேண்டுமாம். இரண்டு கிழமை பார்ப்பேன், பதில் இல்லையென்றால் தொழில் திணைக்களக் காரியாலயத்துக்குப் போவேன். 1,040 குறைந்தாலும் பரவாயில்லை, 1,950 என் பெயரில் சேரட்டும்.

மூதூர் மைந்தன்:
நாளைக்கு நானும் முதலாளியிடம் கேட்கிறேன். ஆனால் 3,600 குறைந்தால் மூத்தவளின் டியூஷன் காசை எதில் பிடிப்பது என்று இன்னும் தெரியவில்லை நானா.

கிண்ணியா நானா:
உங்கள் செலவுக் கணக்கை உள்பெட்டியில் அனுப்புங்கள் தம்பி, இஷாத் தொழுகைக்குப் பிறகு இருந்து பார்ப்போம்.