அகத்தியர் மலை ஏறும்போது போனை வண்டியிலேயே பூட்டிவிட்டுப் போகலாமா?

நடைவண்டி:
வணக்கம் நண்பர்களே. வருகிற சீசனில் ஆறு பேர் அகத்தியர் மலை போகிறோம். கேரளப் பக்கம் போனக்காடு என்ற ஊரில் தொடங்கி அதிருமலை முகாமில் இரண்டு இரவு, நடுவில் ஒரு பகல் உச்சி. எங்கள் குழுவில் மூத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஆறு போனையும் ஒரே பையில் போட்டு வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும், சம்மதமில்லை என்றால் தான் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அவரை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனசில்லை. என் கவலை வேறு. அப்பாவுக்குப் போன வருடம்தான் ஸ்டென்ட் வைத்தோம். மூன்று நாள் ஒரு தகவலும் தெரியாமல் காட்டுக்குள் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

சோலைக்குயில்:
நான் அந்த அண்ணன் கட்சி. 2018-இல் மூணாறு பக்கம் ராஜமலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது போயிருந்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற பூ. ஏறியதும் வீடியோ எடுத்தேன். அதை அனுப்ப சிக்னல் தேடி ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு நடந்தேன். யார் பார்த்தார்கள் என்று திறந்து திறந்து பார்த்தேன். கீழே இறங்கி டீ குடிக்கும்போது என் தங்கை, "அந்த வரையாட்டுக் குட்டி உன் செருப்புக்கிட்டே வந்து மோந்து பார்த்துட்டுப் போச்சே, எவ்வளவு அழகு!" என்றாள். எனக்குத் தெரியவே தெரியாது. எடுத்த வீடியோக்களும் அந்தப் போனோடு போய்விட்டன. அடுத்த பூப்பு 2030-இல்தான்.

அகத்தியர் மலைக்குப் பெண்களும் போகலாம் என்று 2018 கடைசியில் கேரள உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு நானும் போய் வந்தேன், போன் இல்லாமல். முதல் அரை நாள் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். மறுநாள் அந்தப் பழக்கம் விட்டுவிடும். பொங்காலப்பாறையில் உட்கார்ந்திருந்தபோது தாமிரபரணிப் பக்கத்திலிருந்து மேகம் ஏறி வந்து எங்கள் முழங்காலை மறைத்தது. யாருமே பேசவில்லை. யாரும் எதையும் எடுக்கவும் இல்லை. ஏழு பேரும் அதை ஏழு விதமாக இன்றைக்கும் சொல்வோம்.

ஆழியாறு செந்தில்:
அக்கா, நீங்கள் சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அழகாக இருக்கிறது என்பதற்காக ஆபத்தான யோசனையை ஆதரிக்க முடியாது. 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா பக்கத்தில் ஓர் இளைஞர் செங்குத்தான பாறையிலிருந்து வழுக்கி ஒரு இடுக்கில் மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? இரண்டு இரவு அங்கேயே இருந்தார். தான் இருக்கும் இடத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பினார். கடைசியில் ராணுவம் வந்து கயிறு கட்டித் தூக்கியது. அவர் போனும் கீழே ஏதோ வண்டியில் பூட்டியிருந்தால்?

காட்டுக்குப் போகிறவன் கத்தி, தீப்பெட்டி, கயிறு எடுத்துப் போகிறான். போனும் அப்படி ஒரு கருவி. அதைக் கையில் வைத்துக்கொண்டு நோண்டாமல் இருக்க முடியவில்லை என்பது நம்மிடம் உள்ள குறை. அதற்காகக் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டுமா?

சோலைக்குயில்:
அந்தச் சம்பவத்தில் அவரோடு மலை ஏறிய நண்பர்கள் இருந்தார்கள் செந்தில். அவர்களும் இறங்கி வந்து சொன்னார்கள். அதை விட்டுவிட்டீர்கள். அப்புறம் ஒன்று. போனக்காட்டைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தபின் உங்கள் கருவிக்கு என்ன வேலை? நான் போனபோது அதே நாளில் ஏறிய வேறு குழுக்காரர்கள் மூன்று நாளும் போனைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே விதுரா ஊருக்கு வந்த பிறகுதான் நிம்மதியாக ஒரு அழைப்பு பேசினார்கள். டவரே இல்லாத இடத்தில் போன் பாதுகாப்பு என்று நம்புவதுதான் எனக்கு ஆபத்தாகப் படுகிறது. கையில் போன் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பலபேர் டார்ச் கூட எடுக்காமல் வருகிறார்கள். தண்ணீரும் போதுமான அளவு எடுப்பதில்லை.

ஆழியாறு செந்தில்:
டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிலிருந்து நேராக வாங்கிக்கொள்கிறது, சிம் கூடத் தேவையில்லை. வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் ஏரோபிளேன் மோடில் போட்டபடியே எங்கே நிற்கிறோம் என்று பார்க்கலாம். பனிமூட்டத்தில் புல்மேட்டில் வழி தவறிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நான் தவறியிருக்கிறேன். வால்பாறைப் பக்கம், மதியம் இரண்டு மணிக்கு, பத்தடி தூரத்தில் நின்ற நண்பனின் மஞ்சள் சட்டை தெரியவில்லை. வந்த வழி என்று நினைத்து நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தது நேர் எதிர்ப்பக்கம். போனைப் பார்த்துத்தான் திரும்பினோம்.

பேட்டரி சீக்கிரம் போய்விடும் என்பார்கள். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் டவரைத் தேடித் தேடி முழு பலத்தோடு கத்திக்கொண்டே இருக்கும், சார்ஜ் அதில்தான் கரைகிறது. ஏரோபிளேன் மோடில் போட்டு, அவ்வப்போது மட்டும் எடுத்துப் பார்த்தால் மூன்று நாள் தாங்கும். இன்னொன்று, நம் சிம் கம்பெனியின் டவர் கிடைக்காத இடத்திலும் வேறு கம்பெனி டவர் எட்டினால் அவசர உதவி எண்ணான 112-க்கு அழைப்பு போக வழி உண்டு. சிக்னல் கோடு காட்டவில்லை என்று முயற்சியே செய்யாமல் இருந்துவிடாதீர்கள்.

மலைக்காற்று:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், நான் சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு சண்டை எதற்கு? டவரே தேவைப்படாத செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்றை வாங்கிக் கொண்டு போகலாமே? நாங்கள் வெளிநாட்டு மலைகளில் அதைத்தான் இடுப்பில் மாட்டிக்கொள்கிறோம்.

ஆழியாறு செந்தில்:
தயவுசெய்து இந்தியாவுக்கு அதைக் கொண்டு வராதீர்கள். செயற்கைக்கோள் போனோ அந்த மாதிரிச் செய்திக் கருவியோ அரசு அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் இங்கே குற்றம். 2024 டிசம்பரில் கூட மலையேற்றக் கருவி என்று நினைத்துக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். இங்கே நமக்கு இருப்பது சாதாரணப் போன் மட்டும்தான். அதையும் பூட்டி வை என்றால் என்ன நியாயம்?

பெரியகுளத்தான்:
தம்பி, அம்மா, இரண்டு பேருக்கும் வணக்கம். குரங்கணி மலை அடிவாரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன் என்பதால் சொல்கிறேன். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மலையேறியவர்கள் அங்கே காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டார்கள். அந்தத் தீயில் 23 பேர் போனார்கள். பெரும்பாலும் இளம் வயது. அவர்களிடம் போன் இல்லாமலா இருந்தது? காய்ந்த புல்லில் பிடித்த தீ சரிவில் மேலே ஏறுகிற வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது. முதலில் மேலே ஓடியது ஊர்க்காரர்கள். போர்வையில் தூளி கட்டித்தான் பலரை இறக்கினார்கள். அதன் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது.

போன் வேண்டும், வேண்டாம் என்ற பேச்சில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. போகிற வழி என்ன, எத்தனை பேர், எப்போது திரும்புவார்கள் என்று கீழே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வனத்துறையிடமும் அது இருக்க வேண்டும். காட்டில் எங்கே தீ என்று செயற்கைக்கோள் பார்த்து, பதிவு செய்தவர்களுக்கு இந்திய வன அளவைத் துறை குறுஞ்செய்தி அனுப்புகிறது. அந்தத் தகவலை ஏறுவதற்கு முன்பு பார்க்க வேண்டும். போனுக்கு அதுதான் வேலை நேரம். ஏறிய பிறகு மூக்குதான் வேலை செய்ய வேண்டும், புகை வாசனை எந்தப் பக்கக் காற்றில் வருகிறது என்று.

மேகமலையில் ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். முன்னால் பளியர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் வழி காட்டிக்கொண்டு போனார். ஒரு வளைவில் சட்டென்று கையை உயர்த்தினார். நாங்கள் நின்றோம். வழியில் யானை லத்தி, லேசாக ஆவி பறந்துகொண்டிருந்தது. இடது பக்க மூங்கிலில் படக் படக்கென்று ஒடிகிற சத்தம். எங்களோடு வந்த கல்லூரிப் பையன் காதில் வயர் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டே எங்களையும் தாண்டி நாலு எட்டு வைத்துவிட்டான். பெரியவர் அவன் முதுகுப் பையைப் பிடித்து இழுத்து, அவன் வாயைப் பொத்தினார். அரை மணி நேரம் அசையாமல் நின்றோம். அந்தப் பையனின் காதில் கிடந்த வயரிலிருந்து பாட்டு மெலிசாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக்கூடக் கையை அசைக்கப் பயம். அவன் என் மகன்.

சோலைக்குயில்:
ஐயா, படிக்கும்போதே உடம்பு நடுங்கியது. காது திறந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். செந்தில் சொல்கிற மாதிரி ஏரோபிளேன் மோடில் வைத்துக்கொள்வோம் என்று எல்லோரும்தான் தொடங்குகிறார்கள். முகாமுக்கு வந்ததும் ஒருவர் சிக்னல் வருகிறதா பார்க்கிறேன் என்று எடுப்பார். அடுத்தவரும் எடுப்பார். கால் மணி நேரத்தில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லோர் முகத்திலும் நீல வெளிச்சம். அதனால்தான் பூட்டச் சொல்கிறேன். நடைவண்டி, கேட்கக் கஷ்டமாக இருக்கும், மன்னியுங்கள். அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று அதிருமலையில் உங்களுக்குத் தகவல் வந்தால் என்ன செய்வீர்கள்? இரவில் 14, 15 கிலோமீட்டர் யானைக்காட்டில் இறங்குவீர்களா?

நடைவண்டி:
இறங்குவேன் அக்கா. எப்படியும் இறங்கப் பார்ப்பேன். அதைக் கேள்வியாகக் கேட்டதே எனக்கு வலிக்கிறது.

சோலைக்குயில்:
வலிக்கும் என்று தெரிந்துதான் கேட்டேன், தம்பி. என் அம்மாவுக்கு முடியாமல் போன அன்று நான் இரண்டு தெரு தள்ளி அலுவலகத்தில்தான் இருந்தேன். போன் மேஜை மேல் இருந்தது. என்னை அழைக்கவே யாருக்கும் தோன்றவில்லை. எதிர் வீட்டு அண்ணன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். அம்மா அன்று பிழைத்தார் என்றால் அது அவரால். உங்கள் கையில் போன் இருப்பதைவிட அப்பா பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது முக்கியம். மூன்று நாளுக்கு அதை ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் போகாதீர்கள், மலை எங்கேயும் போகாது.

கல்யாணி மதுரை:
நான் மலை ஏறுகிறவள் இல்லை. ஏறுகிறவரின் வீட்டுக்காரி. இங்கே இருவருமே வீட்டில் இருப்பவர்களைப் பற்றி யோசிக்காமல் பேசுகிறீர்கள். என் வீட்டுக்காரர் ஒருமுறை, "ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூப்பிடவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்ற குரலை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணவில்லை. பத்தரை மணிக்கு மாமனாரை எழுப்பி, காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று செருப்பு மாட்டிவிட்டோம். அவர் முகாமில் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அங்கே டவர் இல்லை என்பது அவருக்குப் போகும்போதே தெரியும். எங்களைச் சமாதானப்படுத்தத்தான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்.

அழைப்பதாகச் சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமை இரவு வரைக்கும் என்னிடமிருந்து ஒன்றும் வராது, பயப்படாதே" என்று நேராகச் சொன்னால் நாங்கள் தாங்கிக்கொள்வோம். அதற்கு மேலும் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஆழியாறு செந்தில்:
கல்யாணி அக்கா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். இனி நானும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஆனால் ஆறு போனையும் பூட்டுவதற்கு நான் இன்னும் எதிர்ப்புதான். அணைத்து வையுங்கள், மழைத்தண்ணீர் புகாத பையில் சுற்றிப் பையின் அடியில் போடுங்கள், யாரும் தொட வேண்டாம். ஆனால் மலையில் இருக்கட்டும். ஒருவருக்குக் கால் பிசகி, இரண்டு பேர் மட்டும் உதவி தேடி இறங்க வேண்டி வந்தால் அந்த இருவர் கையில் வழியும் வெளிச்சமும் வேண்டும். முதல் டவர் எட்டும் இடத்தில் பேசவும் வேண்டும்.

சோலைக்குயில்:
இரண்டு போன். அதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன். ஆறு பையில் ஆறு போன் இருந்தால் யாராவது ஒருவர் கை நிற்காது.

நடைவண்டி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அண்ணனிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். இரண்டு போன் அணைத்த நிலையில் வரும், ஒன்று அவர் பையில், ஒன்று என் பையில். மற்ற நான்கும் வண்டியில். வரைபடம் இரண்டிலும் இறக்கிவிட்டோம். ஆளுக்கொரு நெற்றி டார்ச். அக்கா சொன்னபடி, மூன்று நாளும் மச்சான் எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொள்கிறார். கோவில் திருவிழாவுக்குப் போக வேண்டியவர், நான் கேட்டதும் சரி என்றார்.

காலண்டர் அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படியில் மாட்டியிருக்கிறேன். நாங்கள் ஆறு பேர் பெயர், வண்டி எண், போனக்காடு வனத்துறை அலுவலக எண், மூன்றாம் நாள் மாலை இறங்கும் நேரம், இரவு ஒன்பது வரை அழைப்பு வராவிட்டால் மச்சான் செய்ய வேண்டியது. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். கடைசி வரிக்குக் கீழே அவரே பேனா எடுத்து, தன் மாத்திரை நேரங்களையும் எழுதி வைத்துவிட்டார்.