புதுப்பிப்பு: அம்மாவின் வறட்டு இருமல்

பிரஷர் குளிசை மாற்றியதிலிருந்து அம்மாவுக்கு வறட்டு இருமல், பாணி மருந்துக்கும் நிற்கவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். சிலர் குளிசையை நிறுத்தச் சொன்னீர்கள். நிறுத்தவில்லை, நாமாக நிறுத்தினால் பிரஷர் ஏறிவிடும்.

கிளினிக் கொப்பியோடு வீட்டிலிருந்த குளிசை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு உப்புவெளியிலிருந்து டவுனுக்குப் போனோம். டொக்டர் அந்தப் புதுப் பிரஷர் குளிசையான எனலாபிரில் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அந்த வகைக் குளிசைகளுக்கு இந்த இருமல் தெரிந்த பக்கவிளைவுதானாம். அதற்குப் பதிலாக லொசாட்டன் என்ற வேறு வகைப் பிரஷர் குளிசை 50 மில்லிகிராம் எழுதினார்.

அப்புறம் பையின் அடியில் டைக்குளோபினாக். முழங்கால் வலிக்கு அம்மா தானாகவே பார்மசியில் வாங்கிப் போட்டது. பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்றார். கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மூன்று கிழமையில் இருமல் நின்றது. அடுத்த கிளினிக்கில் இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். திகதியைக் கொப்பியில் குறித்திருக்கிறேன்.