‘பவர்/ரேஞ்சர்ஸ்’ குறும்படம்: மனத்தை விட்டு அகலாத காட்சி எது? (அனுபவப் பகிர்வு)

பதிவு 1

‘பவர் ரேஞ்சர்ஸ்’ என்ற சிறுவர் தொலைக்காட்சித் தொடரின் கதாபாத்திரங்களை வைத்து 2015 பிப்ரவரியில் ஜோசப் கான் இயக்கி வெளிவந்த இந்தப் 14 நிமிட ரசிகர் படத்தை இங்குள்ளோருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை என்பதால், நேராக விசாரணை அறைக்கே வருகிறேன். பூமியைக் காத்த ரேஞ்சர்களில் ஒருவனும் முன்னாள் சிவப்பு ரேஞ்சருமான ராக்கி (ஜேம்ஸ் வான் டெர் பீக்) இப்போது எதிரிகளான இயந்திரப் பேரரசின் ஆள். பிடிபட்டிருக்கும் பழைய தோழி கிம்பர்லியிடம் (கேட்டி சாக்காஃப்), மற்றொரு ரேஞ்சரான டாமி எங்கே என்று கேட்கிறான். பழைய தோழர்கள் ஒவ்வொருவராக எப்படிச் சிதைந்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே வருபவன், பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைப் பிடித்துப் போருக்கு அனுப்பினால் அவர்கள் வேறு எப்படி ஆவார்கள் என்ற பொருள்படப் பேசும் இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். சிறு வயதில் அந்தத் தொடரை ஓர் அத்தியாயம் விடாமல் பார்த்தவன் நான். ரேஞ்சர்களின் வழிகாட்டியான ஸோர்டான் முதல் ஐவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர்களுக்கு என்ன வயது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எதிரியின் வாயிலிருந்து வந்த கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

பதிவு 2

நண்பர் அனுப்பிய இணைப்பை நான் திறந்தபோது படம் நீக்கப்பட்டிருந்தது. தொடரின் அன்றைய உரிமையாளரான சபான் நிறுவனத்தின் புகாரால் விமியோ என்ற காணொளித் தளத்திலும் யூடியூபிலும் மறைந்த படம், சில நாள்களில் வயது வரம்புடனும் பொறுப்புத் துறப்புடனும் திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். எனக்கு மறக்காத காட்சி, ரேஞ்சர்களில் ஒருவனான ஜேசனின் திருமண நாள். அந்த மகிழ்ச்சிக்கு நடுவிலேயே அவன் கொல்லப்படுகிறான்.

ஆயினும் முதல் பதிவருடன் என்னால் உடன்பட முடியவில்லை. ராக்கி விசாரணை அதிகாரி. எதிரே இருப்பவளின் மனத்தை உடைப்பதே அவன் வேலை. தன் பக்கத்தைக் காட்டிக்கொடுத்தவன் தன் துரோகத்துக்கு நியாயம் தேடும் சொற்களை நாம் ஏன் அறக்கேள்வியாக ஏற்க வேண்டும்? பூமியைக் காக்க வேறு யாரும் இல்லாத நிலையில் அந்தப் பிள்ளைகள் தாமாகவே முன்வந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பதிவு 3

நண்பர்களுடன் சேர்ந்து ஒரு ரசிகர் குறும்படம் எடுக்கத் திட்டமிட்டிருந்த நாள்களில் இதைப் பார்த்தேன். வடகொரியாவில் இன்னொரு ரேஞ்சரான ஸாக் அடையும் முடிவைப் பார்த்த பிறகு, எங்கள் கதையில் இருந்த நல்லவன், கெட்டவன் என்ற எளிய பிரிவு எனக்கே பிடிக்காமல் போயிற்று.

இரண்டாம் பதிவர் படம் நீக்கப்பட்டதைக் குறிப்பிட்டதால், இத்தகைய படம் எடுக்க எண்ணுவோருக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். பழைய தொடரின் ஒரு சட்டகத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் புதிதாகப் படம்பிடித்திருந்தும், வருமானம் எதுவும் தேடாதிருந்தும் கானின் படம் தப்பவில்லை; ஏனெனில் காட்சித் துண்டுகளுக்கு மட்டுமல்லாமல் கதாபாத்திரங்களுக்கும் பதிப்புரிமை உண்டு. பணம் திரட்டினால் சிக்கல் இன்னும் பெரிதாகும். ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர் படமான ‘ஆக்ஸனார்’ பொதுமக்களிடம் பத்து லட்சம் டாலருக்கும் மேல் திரட்டியது; 2015 டிசம்பரில் ‘ஸ்டார் ட்ரெக்’ உரிமையாளர்களான பாராமவுண்டும் சிபிஎஸ்ஸும் வழக்குத் தொடுத்தன; 2017 ஜனவரியில்தான் சமரசம் ஏற்பட்டது. இதற்கிடையில், 2016இல் அவ்விரு நிறுவனங்களும் ரசிகர் படங்களுக்கென வெளியிட்ட நெறிமுறைகள் ஒரு கதைக்கு 15 நிமிடம், இரு பகுதிகளானால் மொத்தம் 30 நிமிடம், திரட்டும் தொகை 50,000 டாலருக்கு மிகாமல் என்று வரம்பிட்டன. ஆகவே கேமராவைத் தொடுவதற்கு முன்பே உங்கள் கதைக்குரிய நிறுவனம் இப்படி ஏதேனும் வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பிலும் விளக்கத்திலும் இது சிறுவர்க்கான படம் அன்று என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பழைய தொடரைத் தேடி வரும் எட்டு வயதுக் குழந்தை முதலில் காண்பது உங்கள் படமாக இருக்கலாம்.

பதிவு 4

நான் பத்தாம் வகுப்பு ஆசிரியை. பதிப்புரிமை பற்றிய பேச்சு பயனுள்ளதுதான். ஆனால் முதல் பதிவர் கேட்டது அதுவன்று. தாமாகவே முன்வந்தார்கள் என்ற இரண்டாம் பதிவரின் வாதமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர்களை நேரடிப் போரில் ஈடுபடுத்தக் கூடாது என்று, 2000இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை (அதனுடன் இணைந்த கூடுதல் ஒப்பந்தம்) கூறுகிறது. அரசு சாரா ஆயுதக் குழுக்களுக்கு அது இன்னும் கடுமையானது. பிள்ளை தானே விரும்பி வந்தாலும் சேர்க்கக் கூடாது. ராக்கி துரோகிதான், ஐயமில்லை. அதனால் அவன் கேட்டது பொய்யாகிவிடாது.

படத்தை ஒரு ஞாயிறு இரவு பார்த்தேன். மறுநாள் காலை வருகைப் பதிவேட்டில் பெயர்களை வாசிக்கத் தொடங்கி, ஐந்தாவது பெயருக்குப் பிறகு சற்று நேரம் நிமிர்ந்து, “உள்ளேன் அம்மா” என்று சொன்ன அந்த ஐந்து முகங்களையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.