புதுப்பிப்பு: யூஎஸ்பி டிரைவ் படிக்க மறுத்த பழைய ஃப்ளாப்பிகள்

முன்பு எழுதியது சுருக்கமாக: ஒரு பெட்டி நிறைய மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகள் கிடைத்தன, யூஎஸ்பி டிரைவ் பாதியைப் படிக்கவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பெரும்பாலானவை இப்போது பத்திரமாக வன்தட்டில் இருக்கின்றன!

படிக்காதவற்றில் பல கெட்டுப்போனவை அல்ல. அவை அமிகா கணினியின் வட்டுகள். யூஎஸ்பி டிரைவ்களுக்குப் பொதுவாக 720 கேபி, 1.44 எம்பி பிசி வடிவங்கள்தான் தெரியும். அமிகாவோ அதே தகட்டில் 880 கேபியை வேறு முறையில் எழுதும்.

நீங்கள் பரிந்துரைத்த கிரீஸ்வீசில் (ஃப்ளாப்பி டிரைவை யூஎஸ்பி வழியே இயக்கும் சிறு மின்னணுப் பலகை) வாங்கி, பழைய கணினியிலிருந்து கழற்றிய டிரைவோடு இணைத்தேன். அது கோப்புகளைத் தேடுவதே இல்லை. காந்தப்புலம் எந்தெந்த நொடித்துளியில் திசை மாறுகிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறது. எந்த வடிவம் என்பதை அப்புறம் மென்பொருளில் ஆராயலாம். இன்று புரியாத வட்டை, நல்ல மென்பொருள் வந்தபின் தொடாமலேயே மறுபடி படிக்கலாம். இதனால்தான் எல்லோரும் முதலில் இந்தப் பதிவையே எடுத்து வைக்க வேண்டும் என்கிறேன்.

பூஞ்சை பிடித்த சிலவற்றை இன்னும் தொடவில்லை. அப்படியே சுழலவிட்டால் டிரைவின் தலை அழுக்காகி, அடுத்த வட்டையும் கீறிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் தகட்டைத் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் முயல்வேன்.

சரி, நீங்களும் தொடங்குவதானால் முதலில் எழுதுதடுப்புத் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் வட்டில் தவறிப்போய் எழுதிவிட வாய்ப்புண்டு. லேபிளையும் படமெடுத்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள். பல வட்டுகளில் தேதி அங்கே மட்டும்தான் இருக்கிறது.